அழிப்பதற்கு முன், எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்

பொங்கல் விடுமுறைக்கு மதுரைக்கு வந்திருந்த என் அக்கா மகள், கல்லூரி விடுதியில் மூன்று நாட்களாகப் போராடிக் களைத்த மடிக்கணினியை என் மேசையில் வைத்துவிட்டு, "மாமா, எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸ் மட்டும் போட்டுடலாமா?" என்று கேட்டாள். விண்டோஸ் 11 இருந்த கணினியில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் 24.04 பதிப்பையும் சேர்த்து நிறுவ முயன்றிருக்கிறாள். முதலில் உபுண்டுவை நிறுவும் நிரல் வன்தட்டையே காட்டவில்லை. சீனியர் ஒருவர் சொன்னபடி, கணினியின் தொடக்க அமைப்புகள் உள்ள பயாஸில் சிலவற்றை மாற்றியபின், அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த விண்டோஸும் வராமல், நீலத் திரை ஒன்றில் மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டுச் செயல்திட்டத்தின் கோப்புகள் அனைத்தும் அதற்குள் இருந்தன.

அவள் கேட்ட கேள்வியைக் கடந்த பத்தாண்டுகளில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "வேண்டாம்" என்பதே எப்போதும் என் பதில். இரட்டை இயங்குதள நிறுவலில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றில் தரவு எதுவும் அழிந்திருப்பதில்லை. கணினி தொடங்கும் வழியில் ஏதோ ஒரு படியில் கை விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அது எந்தப் படி என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் அழித்தால், அழிக்கத் தேவையில்லாததை அழித்ததோடு, பழைய காரணம் அப்படியே இருப்பதால் அடுத்த நிறுவலும் அதே இடத்தில் நிற்கும்.

எனக்கு இந்த ஆர்வம் வந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அதை இயக்கியதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். எங்கள் வகுப்பில் பலரும் இரண்டாவதை நீக்கிவிட்டார்கள். நான் நீக்கவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது, யார் அதை எழுதிவைத்தார்கள் என்று தேடத் தொடங்கியதுதான் இன்றுவரை தொடர்கிறது.

இன்றைய கணினிகளில் அந்த வழி இப்படி அமைந்திருக்கிறது. மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது யூஇஎஃப்ஐ எனப்படும் நிலைப்பொருள். வழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு வரிசைப்படி, வன்தட்டில் ஃபேட்32 வடிவத்தில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறிய தனிப் பகுதிக்குள் சென்று, விண்டோஸின் துவக்க நிரலையோ உபுண்டுவின் துவக்க நிரலையோ எடுத்து இயக்குகிறது. உபுண்டு என்றால் முதலில் ஷிம் என்ற சிறு துவக்க நிரல், அடுத்து எந்த இயங்குதளம் என்று கேட்கும் பட்டியலைக் காட்டும் கிரப், அதன்பின் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், கடைசியாக நம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன் என்று கைமாறிக்கொண்டே போகும். திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனித்தாலே எந்தக் கையில் நின்றது என்று சொல்லிவிடலாம். 'கிரப் ரெஸ்க்யூ' என்ற வரி வந்து நின்றால், நிலைப்பொருள் கிரப்பைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் கிரப்புக்குத் தன் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் வன்தட்டு மேலாண்மைக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்கள் அடுத்த தொடக்கத்தில் காண்பது பெரும்பாலும் இதைத்தான். எந்தக் கேள்வியும் இல்லாமல் நேராக விண்டோஸ் வந்தால், கிரப் வரை கட்டுப்பாடு போகவே இல்லை. இரண்டும் 'லினக்ஸ் வரவில்லை' என்றே சொல்லப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு.

அக்கா மகளின் கணினியில் நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது அந்த நீலத் திரையைத்தான். அது, வன்தட்டில் உள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புத் திரை. பல புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டு உள்நுழைந்ததுமே வன்தட்டுக் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. உரியவருக்குப் பல நேரம் அது தெரிவதே இல்லை. குறியாக்கத்தைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற சில்லு காக்கிறது. தொடக்க நிலை அமைப்புகள் முன்பிருந்தபடியே இருந்தால்தான் அது சாவியைத் தரும். கையொப்பமிட்ட துவக்க நிரல்களை மட்டும் இயக்க விடும் செக்யூர் பூட்டை நிறுத்தியது மட்டுமே காரணம் என்றால், அதை மீண்டும் இயக்கினாலே பெரும்பாலும் வழி திறந்துவிடும். ஆனால் இவள் பயாஸுக்குள், டிபிஎம்மை வெறுமையாக்கலாமா என்ற வினாவுக்கும் 'ஆம்' என்று சொல்லியிருந்தாள். அப்படிச் செய்தபின் 48 இலக்க மீட்புச் சாவியைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சாவி, கணினியை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அமைத்தவர் திருப்பூரில் இருக்கும் அத்தான். தொலைபேசியில் அழைத்து, அவருடைய கணக்கில் மீட்புச் சாவிகள் உள்ள பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். கணினித் திரையில் தெரிந்த அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளும் அங்கிருந்த குறியும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகு, அவர் வாசிக்க வாசிக்க இவள் ஒரு நோட்டில் எழுதினாள். ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகள். ஐந்தாவது தொகுதியைக் கணினி ஏற்கவில்லை.

இங்கே பள்ளிக் கணக்கு ஒன்று கைகொடுத்தது. பிட்லாக்கர் மீட்புச் சாவியின் ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படியே உருவாக்கப்படுகிறது. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை 0 ஆகவோ 11இன் மடங்காகவோ இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 258027 என்பதை எடுத்துக்கொண்டால், 2, 8, 2 ஆகியவற்றின் கூட்டல் 12, 5, 0, 7 ஆகியவற்றின் கூட்டலும் 12, வேறுபாடு 0. கடைசி 7ஐ 1 என்று எழுதிவிட்டால் இரண்டாவது கூட்டல் 6 ஆகிவிடும். வேறுபாடு 6 என்பதால் பிழை என்று உடனே தெரிந்துவிடும். இவள் எழுதியிருந்த தொகுதியில் நடந்ததும் அதேதான்: அத்தான் "ஏழு" என்றதை, அறையின் இரைச்சலில் வேறாகக் கேட்டு எழுதியிருந்தாள். திருத்தி உள்ளிட்டதும் விண்டோஸ் திறந்தது. டிபிஎம்மை வெறுமையாக்கியதில், 'பின்' எனப்படும் குறுகிய எண்ணும் போயிருந்ததால், உள்நுழையக் கணக்கின் கடவுச்சொல் தேவைப்பட்டது. உள்ளே போனதும் முதல் வேலையாகச் செயல்திட்டக் கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தோம். அதுவரை அவள் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை.

அடுத்து, குறியாக்கத்தை முழுவதுமாக நீக்குவது என்று முடிவுசெய்தோம். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடுதியிலும் பேருந்திலும் புழங்கும் மடிக்கணினி தொலைந்துபோனால் அதிலுள்ளவை பிறர் கைக்குப் போகாமல் காப்பது குறியாக்கம்தான். ஆயினும் பயாஸில் இன்னும் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாவி கேட்கும் நிலையில் ஒரு புதியவரால் நிதானமாக வேலை செய்ய முடியாது. குறியாக்கத்தை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள், பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

இனி முதல் சிக்கல்: நிறுவும் நிரலுக்கு வன்தட்டு ஏன் தெரியவில்லை? உபுண்டு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல், சோதித்துப் பார்க்கும் முறையில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்தோம். சேமிப்புச் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பென் டிரைவ் மட்டுமே தெரிந்தது. கணினியின் வன்தட்டான 512 ஜிபி எஸ்எஸ்டி அங்கே இல்லவே இல்லை. இந்த இடத்தில் பலர் வன்தட்டு பழுதாகிவிட்டது என்று அஞ்சிவிடுகிறார்கள். ஆனால் அதே வன்தட்டிலிருந்துதான் சற்று முன்பு விண்டோஸ் இயங்கியது. எனவே கெர்னல் தன் தொடக்கத்தின்போது எழுதிவைத்த செய்திகளை டிமெசேஜ் கட்டளையால் பார்த்தோம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே தேவையான வரி இருந்தது: ரீமேப் செய்யப்பட்ட, அதாவது வேறொன்றின் பின்னால் மாற்றிவைக்கப்பட்ட, என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்த பயாஸில் சேமிப்பு அமைப்பை ரெய்டு முறையிலிருந்து ஏஎச்சிஐ முறைக்கு மாற்றுங்கள் என்று கெர்னலே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அவள் மூன்று நாட்கள் தேடிய விடை அந்த ஒரு வரியில் இருந்தது. பிழைச் செய்திகளைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கத்தைக் கல்லூரிகளில் ஒரு பாடமாகவே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். பயாஸில் ரெய்டு என்று காட்டப்படும் இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற சேமிப்பு முறை இயக்கப்பட்டிருக்கும் சில கணினிகளில், எஸ்எஸ்டி நேரடியாகத் தெரியாமல், சாட்டா என்ற சேமிப்பு இணைப்பின் கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைத்து வைக்கப்படுகிறது. அதை இயக்கும் நிரலான டிரைவர் விண்டோஸில் உண்டு. லினக்ஸ் கெர்னலில் அந்த ஏற்பாட்டுக்கு ஆதரவு இல்லை. பயாஸில் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டால் லினக்ஸுக்கு வன்தட்டு தெரியும். ஆனால் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் நின்றுவிடும்; ஏனெனில் தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய டிரைவர் ஆர்எஸ்டி என்றே அது குறித்துவைத்திருக்கிறது. துவக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்ற நீலத் திரையோடு அது மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்துத்தான் 'லினக்ஸ் போட்டதால் விண்டோஸ் போய்விட்டது' என்று பலர் முடிவுகட்டுகிறார்கள்.

இதற்கான வழி சுற்றி வருவது. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையின் மூலம் அடுத்த தொடக்கம் பாதுகாப்பு முறையில், அதாவது சேஃப் மோடில், நடக்க வேண்டும் என்று குறித்தோம். கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸுக்குள் நுழைந்து, ரெய்டை ஏஎச்சிஐ என்று மாற்றிச் சேமித்தோம். சேஃப் மோடில் தொடங்கும் விண்டோஸ் அடிப்படை டிரைவர்கள் அனைத்தையும் ஏற்றிப் பார்ப்பதால், ஏஎச்சிஐக்குரியதையும் கண்டுகொண்டு, இனி அதையே பயன்படுத்தும்படி தன்னைத் திருத்திக்கொள்கிறது. மேசைத்திரை வந்ததும் சேஃப் மோடு குறிப்பை அதே பிசிடிஎடிட்டால் நீக்கி, மறுபடி தொடங்கினோம். விண்டோஸ் வழக்கம்போல் வந்தது. பென் டிரைவிலிருந்து தொடங்கிப் பார்த்தபோது எல்எஸ்பிஎல்கே பட்டியலில் எஸ்எஸ்டியும் அதன் பார்ட்டிஷன்களும் வரிசையாகத் தெரிந்தன. "இவ்வளவுதானா மாமா?" என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் நிறுவல் எளிதாகவே நடந்தது. விண்டோஸுக்குள்ளிருந்தே டி டிரைவைச் சுருக்கி 120 ஜிபி இடம் விடுவித்து, அதில் உபுண்டுவை அமர்த்தினோம். ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்: பார்ட்டிஷன்களைக் கையால் தேர்ந்தெடுப்பவர்கள், ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை ஒருபோதும் ஃபார்மட் செய்யக்கூடாது. விண்டோஸின் துவக்க நிரல் இருப்பதும் அதற்குள்தான். உபுண்டு தன் நிரல்களை அதே இடத்தில் தனிக் கோப்புறையாக வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நிறுவல் முடிந்ததும் செக்யூர் பூட்டையும் மீண்டும் இயக்கினோம்.

ஆனால் பென் டிரைவை எடுத்துவிட்டுத் தொடங்கியபோது பட்டியல் எதுவும் வரவில்லை. நேராக விண்டோஸ் வந்தது. அவள் முகம் வாடிவிட்டது. முன்பு சொன்ன வழியை நினைவுபடுத்தி, "எந்தப் படியில் நின்றிருக்கும், சொல் பார்க்கலாம்" என்றேன். சற்று யோசித்து, "கிரப்புக்கே போகல. பயாஸ் விண்டோஸை முதல்ல எடுத்துக்குது" என்றாள். மீண்டும் பென் டிரைவில் தொடங்கி, இஎஃப்ஐ துவக்க வரிசையைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். உபுண்டுவின் பதிவு 0003 என்ற எண்ணில் இருந்தது, விண்டோஸ் 0000. துவக்க வரிசையில் 0000 முன்னால் நின்றது. 3 முதலிலும் 0 அடுத்தும் வரும்படி மாற்றி எழுதியதும் சிக்கல் தீர்ந்தது.

இந்தக் கட்டளை வேலை செய்வதற்கு, பென் டிரைவே யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கியிருக்க வேண்டும். பழைய பயாஸ் முறையில் தொடங்கியிருந்தால், இஎஃப்ஐ மாறிகளுக்கு இந்தக் கணினியில் ஆதரவில்லை என்று பதில் வரும். சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்பதன் கீழ் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் யூஇஎஃப்ஐ முறை. சில கணினிகளின் நிலைப்பொருள் இந்த வரிசையை மதிக்காமல், ஒவ்வொரு தொடக்கத்திலும் விண்டோஸையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது பயாஸுக்குள் சென்று துவக்க வரிசையைக் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் நிலைக்கவில்லை என்றால், விண்டோஸிலிருந்து பிசிடிஎடிட் மூலம் துவக்க மேலாளரின் பாதையை உபுண்டுவின் ஷிம் கோப்புக்குத் திருப்பிவிடலாம். இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: கிரப் பட்டியல் வரும், அதில் விண்டோஸ் இருக்காது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12ஐ என் மேசைக்கணினியில் நிறுவியபோது இதைச் சந்தித்தேன். கிரப் 2.06 பதிப்பிலிருந்து, பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் என்ற நிரல் பாதுகாப்புக் காரணங்களுக்காக இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் அழியவில்லை, யாரும் அதைத் தேடவில்லை. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை நீக்கி, அப்டேட் கிரப் கட்டளையை இயக்கியதும் பட்டியலில் விண்டோஸ் வந்து சேர்ந்தது.

அன்று மாலை உபுண்டு இயங்கத் தொடங்கியபின் வைஃபை வரவில்லை. நிறுவலின்போது கூடுதல் டிரைவர்களை ஏற்றச் சொல்லியிருந்தோம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அப்படிப்பட்ட டிரைவரைக் கெர்னல் ஏற்க, அதன் கையொப்பச் சாவியை உரியவர் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும். மாக் எனப்படும் அந்தச் சாவிகளை ஏற்கும் மேலாண்மைத் திரை மறுதொடக்கத்தின்போது பத்து வினாடிகள் மட்டுமே காத்திருக்கும். அந்த நேரத்தில் நாங்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தோம். மாக்யூட்டில் என்ற கட்டளையால் மறுபடி கோரிக்கை கொடுத்து, ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து, இம்முறை திரையின் முன்னாலேயே அமர்ந்து ஒப்புதல் அளித்ததும் வைஃபை வந்தது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் சொல்வார்கள். ஐந்து நிமிட வேலைக்காக ஒரு பாதுகாப்பை நிரந்தரமாகக் கைவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுநாள் காலை டி டிரைவில் இருந்த பாடக் குறிப்புகளை உபுண்டுவிலிருந்து திருத்தப் பார்த்தபோது, விண்டோஸ் உறக்க நிலையில் இருப்பதால் எழுத அனுமதியில்லை என்ற செய்தி வந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸை முழுவதுமாக மூடாமல், அதன் கெர்னலை உறைநிலையில் வன்தட்டில் சேமித்துவைக்கிறது. அந்த நிலையில் இன்னோர் இயங்குதளம் அதே பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பு முறைமை குலைந்துபோகலாம். ஆகவே லினக்ஸ் மறுப்பது நம் நன்மைக்கே. வலுக்கட்டாயமாக ஏற்றும் வழிகளைத் தேடாமல், விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். ஒருநாள் தேவைக்கு என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, "மாமா, விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது" என்றாள். எவ்வளவு வேறுபாடு என்று கேட்டேன். ஐந்தரை மணி நேரம் பின்னால் என்றாள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிட்டது. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரமும் இலங்கை நேரமும் பொது நேரத்தைவிடச் சரியாக 5 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளன. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் பொது நேரத்துக்கு மாற்றலாம். அல்லது டைம்டேட்சிடிஎல் கட்டளையால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். இரண்டாவது வழியைக் கையாண்டால் லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். அதற்கு முதன்மையான காரணம், கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வரும் குழப்பம். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை என்பதால், பதிவேட்டைத் தொடாத இரண்டாவது வழியையே அவளுக்குச் சொன்னேன். அவளே தட்டச்சு செய்து, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கும் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும் இரண்டு முறை மாறிப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகே மடிக்கணினியைப் பையில் வைத்தாள். 48 இலக்கங்கள் எழுதிய நோட்டுத்தாளைக் கிழித்து எறியப் போனவளிடமிருந்து வாங்கி, அக்காவிடம் கொடுத்தேன். குறியாக்கத்தை நீக்கியதோடு அந்தச் சாவிக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் அதன் பின்பக்கத்தில், பயாஸில் எந்த அமைப்பு முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாற்றியிருக்கிறோம் என்று இருவரும் சேர்ந்து எழுதிவைத்திருந்தோம்.